அப்டேட் எங்கே நிற்கிறது? டெபியனும் உபுண்டுவும் பழகும் பிள்ளைகளுக்கு

லினக்ஸ் பக்கம் புதிதாக வரும் பிள்ளைகள் என்னிடம் கொண்டுவரும் சந்தேகங்களில் பெரும்பாலானவை ஒரே சந்தேகம்தான். புதிய பதிப்பு வெளியாகிவிட்டது, பக்கத்து மேசைக் கணினிக்கும் வந்துவிட்டது, என்னுடையதற்கு மட்டும் ஏன் வரவில்லை? கேட்கும்போதே எங்கிருந்தோ எடுத்த ஒரு கட்டளையை அடித்துப் பார்க்கத் தயாராக நிற்பார்கள். அதை அடிப்பதற்கு முன்னால் படிக்க வேண்டியவற்றை இங்கே எழுதுகிறேன். டெபியனை, அதன் வழிவந்த உபுண்டுவை மனதில் வைத்து எழுதியது இது. இரண்டிலும் பேக்கேஜ்களைக் கொண்டுவருவது ஏபிடி, நிறுவுவது டிபிகேஜி.

1. தாமதம் எந்த வகை என்று முதலில் பாருங்கள். ஒருவர் தெரிந்தே நிறுத்திவைத்த தாமதம் உண்டு. எங்கோ இணைப்பு அறுந்து, அது யாருக்குமே தெரியாமல் கிடக்கும் தாமதமும் உண்டு. முதலாவதற்குப் பொறுமை வேண்டும், இரண்டாவதற்கு அவசரம் வேண்டும். பிள்ளைகள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். திரையில் ‘கெப்ட் பேக்’ என்று ஒரு வரி வந்தால் பதறுகிறார்கள். ஒன்றும் சொல்லாமல் ‘எல்லாம் புதிதாகவே இருக்கிறது’ என்று காட்டும் கணினியை நம்பி மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். முறையிடும் கணினியைப் பற்றி எனக்குக் கவலை குறைவு. சத்தமில்லாமல் இருக்கும் கணினியைத்தான் நீங்கள் போய்ப் பார்க்க வேண்டும்.

2. ‘ஏபிடி அப்டேட்’ எதையும் நிறுவாது. என்னென்ன பதிப்புகள் களஞ்சியத்தில் இருக்கின்றன என்ற பட்டியலை மட்டும் எடுத்துவரும். நிறுவுவது ‘ஏபிடி அப்கிரேட்’. இது தெரிந்தவர்கள்கூட முதல் கட்டளையின் வெளியீட்டைப் படிப்பதில்லை. வரிகள் ஓடி முடிந்ததும் அடுத்ததை அடித்துவிடுகிறார்கள். அந்த வரிகளில் ‘எர்’ என்று தொடங்குவது ஒன்று இருந்தால் அந்தக் களஞ்சியத்தின் பட்டியல் வந்துசேரவில்லை என்று பொருள். ஏபிடி அதோடு நின்றுவிடாது. பழைய பட்டியலையே வைத்துக்கொண்டேன் என்று கடைசியில் ஒரு எச்சரிக்கை போட்டுவிட்டு வேலையை முடித்துக்கொள்ளும். அடுத்து நீங்கள் அப்கிரேட் கேட்டால், அந்தப் பழைய பட்டியலைப் பார்த்துப் புதிதாக ஒன்றும் இல்லை என்று சொல்லும். அது பொய் சொல்லவில்லை. அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

3. அடுத்து, ‘ஏபிடி-கேச் பாலிசி’ என்று அடித்து, பக்கத்தில் பேக்கேஜின் பெயரைக் கொடுங்கள். இந்த ஒரு கட்டளையை மட்டுமாவது மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். இப்போது நிறுவியிருக்கும் பதிப்பு எது, நிறுவத் தகுதியான பதிப்பு எது, ஒவ்வொன்றும் எந்தக் களஞ்சியத்திலிருந்து வருகிறது, அதன் முன்னுரிமை எண் என்ன என்பதையெல்லாம் அது காட்டும். இரண்டு பதிப்புகளும் ஒன்றாக இருந்தால், புதியது உங்கள் பட்டியலுக்கே வரவில்லை, அல்லது ஏதோ ஒரு விதி அதை ஒதுக்குகிறது. தகுதியான பதிப்பு புதியதாக இருந்தும் நிறுவப்படவில்லை என்றால், நிறுத்தியிருப்பது உங்கள் கணினி. எங்கே தேடுவது என்பது இத்துடன் பாதி முடிவாகிவிடும்.

முன்னுரிமை எண்களையும் பாருங்கள். சாதாரணக் களஞ்சியத்துக்கு 500, டெபியன் பேக்போர்ட்ஸுக்கு 100. அதனால்தான் பேக்போர்ட்ஸில் இருக்கும் புதிய பதிப்பு, நீங்கள் கேட்டு வாங்காதவரை தானாக வராது. ஒரு எதிர்மறை எண்ணோ, காரணம் புரியாத வேறு எண்ணோ தெரிந்தால் ஈடிசி அடைவுக்குள் ஏபிடியின் பிரிஃபரன்ஸஸ் கோப்புகளைத் திறந்து பாருங்கள், யாரோ பின் செய்து வைத்திருப்பார்கள். ‘ஏபிடி-மார்க் ஷோஹோல்ட்’ என்று அடித்தால், பிடித்துவைக்கப்பட்ட பேக்கேஜ்களின் பெயர்கள் வரும். அலுவலகக் கணினியில் இப்படி ஒன்றைக் கண்டால் உடனே அவிழ்க்காதீர்கள். அதைக் கட்டியவர் இன்னும் வேலையில் இருந்தால் கேளுங்கள். போய்விட்டார் என்றால், அந்தப் பதிப்பை நம்பி எந்தச் செயலி ஓடுகிறது என்று கண்டுபிடித்த பிறகு தொடுங்கள்.

4. உபுண்டுவில் ‘என்னுடையதற்கு மட்டும் வரவில்லை’ என்பதற்கு மிகச் சாதாரணமான காரணம், படிப்படியான வெளியீடு. ஒரு அப்டேட்டை எல்லோருக்கும் ஒரே நாளில் கொடுப்பதில்லை. முதலில் 10 விழுக்காடு கணினிகளுக்கு, பிறகு 20, 30 என்று ஏற்றிக்கொண்டே போவார்கள். முதலில் பெற்ற கணினிகளிலிருந்து செயலி முறிந்துபோகும் அறிக்கைகள் கூடினால் வெளியீடு அங்கேயே நின்றுவிடும். கல்யாண வீட்டில் முதல் பந்தியில் சாம்பார் ஊசிப்போனது தெரிந்தால் அடுத்த பந்திக்கு வாளியை எடுக்கமாட்டார்கள் அல்லவா, அதே ஏற்பாடு. 13.04 பதிப்பில் வரைகலை அப்டேட் மேலாளர் இதைக் கடைப்பிடிக்கத் தொடங்கியது. 21.04 முதல் ஏபிடியும் கடைப்பிடிக்கிறது. டெர்மினலில் அடித்தால் எல்லாம் வந்துவிடும் என்று பழைய ஆட்கள் சொல்வது அதற்கு முந்தைய காலத்துப் பழக்கம்.

நீங்கள் எந்தப் பந்தியில் உட்கார்கிறீர்கள் என்பதை யாரும் கையால் தேர்ந்தெடுப்பதில்லை. ஒவ்வொரு கணினிக்கும் ஈடிசி அடைவில் மெஷின்-ஐடி என்று ஒரு அடையாள எண் இருக்கும். அந்த எண், பேக்கேஜின் பெயர், பதிப்பு மூன்றையும் சேர்த்துக் கணக்கிட்டுத்தான் இடம் முடிவாகிறது. ஆகவே ஒரு பேக்கேஜுக்கு முதலில் வந்தவர் அடுத்ததற்குக் கடைசியில் வரலாம். ஆய்வகங்களில் வேலை செய்யப்போகும் பிள்ளைகள் இதைக் கவனியுங்கள். ஒரே வட்டுப் பிம்பத்தை நகலெடுத்து நாற்பது கணினிகளில் போட்டால் நாற்பதுக்கும் ஒரே மெஷின்-ஐடி இருக்கும். பிழையுள்ள ஒரு அப்டேட் வந்தால் நாற்பதும் ஒரே நேரத்தில் விழும். நகலெடுக்கும் முன்பே அந்த எண்ணை அழித்து, ஒவ்வொன்றும் தன் எண்ணைத் தானே உருவாக்கிக்கொள்ளும்படி விடுங்கள்.

பாதுகாப்பு அப்டேட்களுக்கு இந்தப் பந்தி முறை கிடையாது. அவை எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போகும். ஆகவே படிப்படியான வெளியீட்டில் காத்திருப்பதால் ஓட்டை அடைபடாமல் இருக்குமோ என்று அஞ்ச வேண்டாம். பாலிசி கட்டளையில் ‘ஃபேஸ்டு’ என்ற சொல்லும் ஒரு விழுக்காடும் தெரிந்தால் கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். கட்டாயப்படுத்திப் பெற ஏபிடியில் ஒரு அமைப்பு உண்டு. சோதனைக்கென்று வைத்திருக்கும் ஒரு கணினியில் அதை இயக்கி, மற்றவற்றை இயல்பாக விட்டுவைப்பதுதான் எனக்குப் பிடித்த ஏற்பாடு.

5. பதிப்பு எண்ணை மட்டும் பார்த்து ‘பழசு’ என்று முடிவுகட்டாதீர்கள். இதில் தடுமாறாத புதியவரை நான் பார்த்ததில்லை, தணிக்கைக்கு வரும் பெரிய ஆட்களும் தடுமாறுகிறார்கள். 2014 ஏப்ரல் 7 அன்று ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளியானது. மூலத் திட்டம் அதை 1.0.1ஜி பதிப்பில் அடைத்தது. அப்போதைய டெபியன் நிலைப்பதிப்பான வீஸியில் இருந்ததோ 1.0.1இ. டெபியன் அதை 1.0.1ஜிக்கு ஏற்றவில்லை. ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மட்டும் எடுத்துப் பழைய பதிப்பில் தைத்து, 1.0.1இ-2+டெப்7யு5 என்று வெளியிட்டது. முன்பாதியை மட்டும் பார்ப்பவருக்கு அது ஓட்டையுள்ள பதிப்பு. உண்மையில் அது அடைபட்டது.

நிலைப்பதிப்பு என்பதன் பொருளே இதுதான். வெளியான நாளில் ஒரு மென்பொருள் எப்படி நடந்துகொண்டதோ, ஆயுள் முழுக்க அப்படியே நடக்கும். பாதுகாப்புத் திருத்தங்களும் பெரிய பிழைத் திருத்தங்களும் மட்டும் உள்ளே வரும், புதிய வசதிகள் வராது. ஆகவே டெபியன் 12இல் ஒரு மென்பொருளின் புதிய பதிப்புக்காகக் காத்திருப்பவர் அப்டேட்டுக்காகக் காத்திருக்கவில்லை, டெபியன் 13க்காகக் காத்திருக்கிறார். அது 2025 ஆகஸ்ட் 9 அன்று வந்தது. ஒரு ஓட்டை அடைபட்டதா என்று தெரிய வேண்டுமானால் ‘ஏபிடி சேஞ்ச்லாக்’ கட்டளையை ஓட்டி, அந்த ஓட்டையின் சிவிஇ எண்ணைத் தேடுங்கள். ஹார்ட்பிளீடுக்கு அது சிவிஇ-2014-0160. எண் அங்கே இருந்தால் உங்கள் பதிப்பில் அது அடைபட்டிருக்கிறது.

6. ‘கெப்ட் பேக்’ என்ற வரி வருவதற்கு, பிடித்துவைப்பதையும் படிப்படியான வெளியீட்டையும் தவிர இன்னொரு காரணம், சார்புகள். புதிய பதிப்பை நிறுவ ஒரு பழைய பேக்கேஜை நீக்க வேண்டியிருந்தால் ‘அப்கிரேட்’ தயங்கி நிற்கும், ‘ஃபுல்-அப்கிரேட்’ நீக்கிவிட்டு முன்னே போகும். இரண்டாவதை அடித்ததும் எதெதை நீக்கப்போகிறேன் என்று ஒரு பட்டியல் காட்டும். அதை முழுவதும் படிக்காமல் ஒய் விசையைத் தொடாதீர்கள். 2024 தொடக்கத்தில் டெபியனின் மேம்பாட்டுக் கிளையான அன்ஸ்டேபிளில் நேரக் கணக்கை 64 பிட்டுக்கு மாற்றும் பெரும் வேலை நடந்தது. பழைய 32 பிட் கணக்கு 2038 ஜனவரி 19க்கு மேல் எண்ண முடியாது என்பதால் வந்த வேலை அது. ஏராளமான நூலகங்களின் பெயருக்குப் பின்னால் டி64 என்று ஒட்டு சேர்ந்தது. அந்த வாரங்களில் பாதி நூலகம் புதிய பெயரிலும் பாதி பழைய பெயரிலும் இருந்தது. அவசரப்பட்டு ஒய் அடிப்பவரின் மேசைச் சூழலையே அந்த நீக்கப் பட்டியல் கொண்டுபோகக்கூடிய காலம் அது. காத்திருந்தவர்களுக்கு முடிச்சுகள் தாமாகவே அவிழ்ந்தன.

7. டெபியன் டெஸ்டிங்கில் இருப்பவர்கள் தாமதத்தை வேறு விதமாகக் கணக்கிட வேண்டும். ஒரு பேக்கேஜ் முதலில் அன்ஸ்டேபிளுக்கு வரும். அங்கே அவசர நிலைக்கு ஏற்ப 2, 5 அல்லது 10 நாள் இருக்கும். புதிதாகக் கடும் பிழை எதுவும் பதிவாகாமல், தேவையான கணினி வகைகளுக்கெல்லாம் உருவாக்கப்பட்டு, தானியங்கிச் சோதனைகளில் பின்னடைவு இல்லாமல், டெஸ்டிங்கில் வேறு எதையும் உடைக்காமல் இருந்தால் பிரிட்னி என்ற நிரல் அதை டெஸ்டிங்குக்கு நகர்த்தும். இவற்றில் ஒன்று தடுக்கினாலும் நகராது. எது தடுக்கிறது என்பதை டெபியனின் பேக்கேஜ் டிராக்கர் பெயர் பெயராகச் சொல்லும், ஊகிக்கவே வேண்டாம். பாதுகாப்புத் திருத்தமும் இதே வரிசையில் சிக்கிக்கொள்ளும் என்பதால் டெஸ்டிங்கை ஒரு சர்வரில் போடுவதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

இந்தக் காத்திருப்பு யாரைக் காப்பாற்றுகிறது என்று கேட்பவர்களுக்கு எக்ஸ்இசட் கதையைச் சொல்வேன். 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற போஸ்ட்கிரெஸ் நிரலாளர், எக்ஸ்இசட் சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ பின்கதவு வைத்திருப்பதை வெளியிட்டார். எஸ்எஸ்எச் வழியே உள்நுழைய அரை விநாடி கூடுதலாகிறதே, ஏன் என்று விடாமல் துருவியதில் கிடைத்தது அது. அதற்குள் அந்தப் பதிப்பு டெபியனின் அன்ஸ்டேபிளுக்கும் டெஸ்டிங்குக்கும் போய்விட்டிருந்தது. நிலைப்பதிப்பான டெபியன் 12இல் 5.4.1தான் இருந்தது. பழசாக இருந்ததால் அது தப்பியது. உபுண்டு 24.04இன் பீட்டா வெளியீட்டை ஒரு வாரம் தள்ளிவைத்து, சந்தேகத்துக்கு இடமான காலத்தில் உருவான பேக்கேஜ்களை எல்லாம் மீண்டும் உருவாக்கினார்கள். டெபியன் அன்ஸ்டேபிள் பின்வாங்கியபோது கொடுத்த பதிப்பு எண்ணைப் பாருங்கள்: 5.6.1+ரியலி5.4.5-1. முன்னால் பெரிய எண், உள்ளே பழைய நிரல். எண் ஏறினால்தான் ஏபிடி நிறுவும் என்பதால் அப்படி எழுத வேண்டியிருந்தது.

8. கணினியின் கடிகாரத்தைப் பாருங்கள். களஞ்சியப் பட்டியலில் அது தயாரான நேரம் இருக்கும், டெபியனின் பாதுகாப்புக் களஞ்சியத்தின் பட்டியலில் காலாவதி நாளும் இருக்கும். கடிகாரம் பின்தங்கியிருந்தால் பட்டியல் ‘இன்னும் செல்லுபடியாகவில்லை’ என்றும், முந்தியிருந்தால் ‘காலாவதியாகிவிட்டது’ என்றும் ஏபிடி மறுக்கும். பழைய மேசைக் கணினிகளில் மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி செத்துப்போனதுதான் பெரும்பாலும் காரணம், கடைக்குப் போய் ஒன்று வாங்கி மாட்டினால் முடிந்தது. காலாவதிச் சோதனையை அணைத்துவிடச் சொல்லி யாராவது ஒரு கட்டளை கொடுத்தால் செய்யாதீர்கள். இடையில் உட்கார்ந்திருக்கும் ஒருவன் பழைய பட்டியலையே திரும்பத் திரும்பக் கொடுத்து, திருத்தம் வந்ததே உங்களுக்குத் தெரியாமல் செய்துவிட முடியும். அதைத் தடுக்கத்தான் அந்த நாள் அங்கே எழுதப்பட்டிருக்கிறது.

9. இப்போது நான் மிகவும் கவலைப்படும் விஷயத்துக்கு வருகிறேன். கைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப்பை இணைத்து, பேட்டரியிலேயே வேலை பார்க்கும் மாணவர்கள் எத்தனையோ பேர். உபுண்டுவில் தானியங்கி அப்டேட்களைப் பார்த்துக்கொள்ளும் அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ் இயல்பு அமைப்பில் இரண்டு காரணங்களுக்காக ஒதுங்கிக்கொள்ளும். ஒன்று, இணைப்பு அளந்து காசு வாங்கும் இணைப்பாக இருந்தால். இரண்டு, கணினி மின்சாரத்தில் செருகப்படாமல் இருந்தால். ஆண்ட்ராய்டு ஹாட்ஸ்பாட் தன்னை அளவுள்ள இணைப்பு என்றே அறிவிக்கும், நெட்வொர்க் மேனேஜரும் அதை அப்படியே எடுத்துக்கொள்ளும். உங்கள் டேட்டாவும் பேட்டரியும் தீர்ந்துவிடக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் செய்த ஏற்பாடுதான். ஆனால் விளைவு என்ன? அந்த மாணவனின் கணினிக்கு ஒரு பிழைச் செய்தியும் வராது, ஒரு திருத்தமும் வராது.

அப்படிப் பழகுகிறவர்கள் வாரம் ஒரு நாள் சார்ஜரைச் செருகி, கல்லூரி வைஃபையிலோ நூலகத்திலோ உட்கார்ந்து, கையால் அப்டேட்டும் அப்கிரேடும் அடித்துவிடுங்கள். வார் அடைவுக்குள் லாக் பகுதியில் அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ் எழுதிவைக்கும் பதிவைத் திறந்து, கடைசியாக எந்தத் தேதியில் ஏதாவது நிறுவியது என்றும் பாருங்கள். இன்னொன்று: இந்தத் தானியங்கி இயல்பாகப் பாதுகாப்புத் திருத்தங்களைத்தான் நிறுவும். சாதாரணப் பிழைத் திருத்தங்களையும், நீங்கள் சேர்த்த வெளிக் களஞ்சியங்களையும் அது தொடாது. ஃபயர்பாக்ஸ் உபுண்டு 22.04 முதல் ஸ்னாப் வடிவில்தான் வருகிறது. அதை ஏபிடியில் தேடிப் பயனில்லை, ‘ஸ்னாப் ரிஃப்ரெஷ்’ என்று அடிக்க வேண்டும், அடிப்பதற்கு முன் உலாவியை மூட வேண்டும்.

10. ‘பூட்டைப் பெற முடியவில்லை’ என்று வந்தால் அந்தப் பூட்டுக் கோப்பை அழிக்காதீர்கள். பின்னணியில் வேறொரு நிறுவல் நடந்துகொண்டிருக்கிறது என்றுதான் அதற்குப் பொருள். ஒரு தேநீர் குடித்துவிட்டு வாருங்கள். நடுவில் மின்சாரம் போய் நிறுவல் பாதியில் நின்றிருந்தால், ‘டிபிகேஜி’க்குப் பின் ‘கான்ஃபிகர்’ விருப்பத்தைக் கொடுத்து மீதியை முடிக்கச் சொல்லுங்கள். பூட் பகிர்வு பழைய கெர்னல்களால் நிரம்பியிருந்தாலும் இப்படி நிற்கும், ‘ஏபிடி ஆட்டோரிமூவ்’ பெரும்பாலும் அதைத் தீர்க்கும்.

11. ஆயுள் முடிந்த பதிப்பு. உபுண்டுவின் இடைக்காலப் பதிப்புகளுக்கு ஆதரவு ஒன்பது மாதம்தான். அதற்குப் பிறகு அவற்றின் களஞ்சியம் பழையவற்றுக்கான சர்வருக்குப் போய்விடும், ஏபிடி பிழை காட்டும், நீங்களும் விழித்துக்கொள்வீர்கள். ஆபத்தானது எல்டிஎஸ் என்ற நீண்டகால ஆதரவுப் பதிப்பு. 20.04க்கு வழக்கமான ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிந்தது. ஆனால் களஞ்சியம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அப்டேட் அடித்தால் ஒரு பிழையும் இல்லாமல் எல்லா வரியும் ‘ஹிட்’ என்றே வரும், எல்லாம் புதிது என்றே சொல்லும். உபுண்டு ப்ரோவில் பதிவுசெய்தால் திருத்தங்கள் தொடரும், தனிப்பட்ட பயனுக்கு ஐந்து கணினிகள் வரை இலவசம். பதிவுசெய்யவும் இல்லை, மேலே ஏறவும் இல்லை என்றால் அந்தக் கணினியை இணையத்தில் விடக் கூடாது.

மேலே ஏறியவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. பதிப்பு உயர்த்தும்போது பிபிஏக்களையும் மற்ற வெளிக் களஞ்சியங்களையும் உபுண்டு அணைத்துவிடும், மீண்டும் இயக்குவது உங்கள் பொறுப்பு. உபுண்டு 24.04 முதல் களஞ்சிய விவரம் ‘சோர்ஸஸ்’ என்று முடியும் புதிய வடிவக் கோப்பில் இருக்கிறது. பழைய கோப்பைத் திறந்து, காலியாக இருக்கிறதே என்று பயந்து, எங்கிருந்தோ வரிகளை நகலெடுத்து ஒட்டாதீர்கள். மிரர் சர்வரின் மீது சந்தேகம் இருந்தால், இறக்கிவைத்த பட்டியல்களில் ‘அப்டேட்ஸ்’ களஞ்சியத்துக்கு உரியதைத் திறந்து அதன் தேதியைப் பாருங்கள். வாரக்கணக்கில் பழையதாக இருந்தால் மிரர் தூங்குகிறது, வேறு மிரருக்கு மாறுங்கள். டெபியனின் மூலக் களஞ்சியம் ஒரு நாளில் நான்கு முறை புதுப்பிக்கப்படுகிறது. ஆகவே சில மணி நேரம் பின்தங்குவது இயல்பு, சில வாரங்கள் பின்தங்குவது இயல்பில்லை.

12. நிறுவிவிட்டால் முடிந்தது என்று எண்ணாதீர்கள். ஒரு நூலகத்தின் புதிய பதிப்பு வட்டுக்கு வந்துவிட்டாலும், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிரல் நினைவகத்தில் பழையதையே வைத்திருக்கும். ஹார்ட்பிளீட் வந்த வாரத்தில் பேக்கேஜை ஏற்றியவர்கள் எல்லோரும் பாதுகாப்பாகிவிடவில்லை. வலைச் சர்வரையும் அஞ்சல் சர்வரையும் மறுதொடக்கம் செய்தவர்களுக்குத்தான் ஓட்டை உண்மையில் அடைபட்டது. கெர்னலும் அப்படியே, மறுதொடக்கம் செய்யும்வரை ஓடுவது பழைய கெர்னல்தான். ‘நீட்ரீஸ்டார்ட்’ என்ற கருவி எந்தெந்தச் சேவை பழைய நூலகத்தோடு ஓடுகிறது என்று பட்டியல் போடும். ‘ரீபூட்-ரிக்வயர்டு’ என்ற கோப்பு ரன் அடைவுக்குள் இருந்தால் உபுண்டு மறுதொடக்கம் கேட்கிறது என்று பொருள். அந்தப் பட்டியலில் டேட்டாபேஸோ மற்றவர்கள் நம்பியிருக்கும் வேறு சேவையோ இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட்டு, அன்றிரவே ஒரு நேரம் குறித்து, திரை முன்னால் உட்கார்ந்து செய்யுங்கள். சேவை திரும்ப எழுந்த பிறகு நீட்ரீஸ்டார்ட்டை இன்னொரு முறை ஓட்டி, பட்டியல் காலியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வீட்டுக்குக் கிளம்புங்கள்.